மகளுக்கு ஒரு வீடு

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழூர்களோடு கலந்து நீளும் அம்பாறைக் கரையோரத்தில், முஸ்லிம் குடும்பமொன்றில் பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வீட்டுக் கணக்கும் தொடங்குகிறது. அவளுக்குக் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது வீட்டைத்தான். நகை, காசு, மாப்பிள்ளையின் உத்தியோகம் எல்லாம் அதற்குப் பிறகே பேச்சுக்கு வரும். வீடு இல்லாத இடத்தில் பேச்சே எழுவதில்லை. மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடு. ஒரு தலைமுறையின் உழைப்பு, படிப்பு, பயணம், திருமண வயது ஆகிய அனைத்தையும் இந்த ஒரு கடமைதான் வளைக்கிறது.

இந்த வழக்கம் நேற்று வந்த பேராசையால் முளைத்ததன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பொதுவில் பேணிவந்தவர்கள். பிள்ளைக்குத் தாயின் குடிதான் குடி. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகமே குடிவாரியாகத் தெரிவான மரைக்கார்மாரின் கையில் இருந்தது. தமிழர்களிடையே தாய்வழிச் சொத்துரிமையைக் காத்த முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, முந்தைய தாய்வழி உரிமை சீதன வீடாக உருமாறி நிலைத்ததை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஷரீஅத் வாரிசுரிமைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இந்தக் கரையோரத்திலோ கணக்குத் தலைகீழ். தாய் தகப்பன் உயிரோடிருக்கும்போதே வீடு வளவுகளை நன்கொடை உறுதியாக மகள்மாருக்கு எழுதிவிடுவதால், மௌத்துக்குப் பின் பங்கு வைக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொள்வதும் உண்டு. மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்காகப் பக்கத்து வளவில் அத்திவாரம் போடுவதும், கடைசி மகளோடு முதுமையைக் கழிப்பதும் பழைய ஒழுங்கு.

இதன் நன்மையை மறைப்பது நியாயமாகாது. பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேருகிறார். உம்மாவும் தங்கச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். மணமுறிவு ஏற்பட்டால் வெளியேறுவது பெரும்பாலும் ஆண். கணவன் வீட்டில் தனியளாய் நிற்கும் மருமகளுக்கு நேரும் பல துன்பங்களுக்கு இங்கே இடம் குறைவு. தெற்காசியாவில் பெண்ணின் பெயரில் வீட்டு உறுதி இருப்பது சாதாரண விஷயமன்று. சிக்கல், அந்த வீட்டை யார், எதைக் கொடுத்துக் கட்டுகிறார்கள் என்பதில்தான்.

முதலில் நிலம். சாய்ந்தமருதுப் பிரதேச செயலகப் பிரிவின் பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பின்போது அதில் சுமார் 25,000 பேர் வாழ்ந்தார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் திட்டில் வளவுகள் தலைமுறைக்குத் தலைமுறை பேர்ச்சஸ் கணக்கில் துண்டாடப்படுகின்றன. வயலை நிரப்பி வீடு கட்டுவது ஒரு வழி. ஆனால் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றங்களும், 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானதும், போர்க்காலத்தில் வயல்களுக்குப் போக முடியாமற் போனதும் சேர்ந்து மாவட்டத்தின் காணியை இன அரசியலின் கூரிய முனையாக ஆக்கிவிட்டன. 2012 இல் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 43 வீதம் முஸ்லிம்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கரையோரத்திலேயே நெருங்கிக் கிடப்பவர்கள். காணி பெருகாத ஊரில் மகள்மார் பெருகினால் வீட்டின் விலை ஏறத்தான் செய்யும்.

2004 டிசம்பர் 26 இந்த ஒழுங்கின் அடித்தளத்தையே அடித்துக்கொண்டு போனது. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். இறந்தவர்களில் பெண்களே அதிகம். இடிந்த வீடுகளுள் கணிசமானவை பெண்களின் பெயரில் இருந்தவை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் விதித்தது. பிறகு தளர்த்தியது. இழப்பீடும் புதுவீடும் ‘குடும்பத் தலைவர்’ என்ற தலைப்பின்கீழ் பதியப்பட்டன. அரச படிவத்துக்குக் குடும்பத் தலைவர் என்றால் ஆண். உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுரிமை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் கைமாறியது. பெண்கள் அமைப்புகள் கூட்டுப் பெயரிலாவது எழுதும்படி கேட்டன. களத்தில் அது பெரிதாக நடக்கவில்லை. சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் எழுந்த 500 வீடுகளின் கதை இன்னும் விசித்திரம். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போக, வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்து காடு பற்றின. அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் கலியாணம் யாருடைய தீர்ப்புக்காகவும் காத்திருக்கவில்லை.

வீடு கட்ட உள்ளூரில் உழைத்துக் கட்டுப்படியாகாது என்று ஆனபோது வழி வளைகுடாவுக்குத் திரும்பியது. 1970 களின் பிற்பகுதியில் தொடங்கி, 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டப்படி அமைந்த பின் வேகமெடுத்த இந்தப் பயணத்தில், வறிய வீடுகளிலிருந்து முதலில் போனவர்கள் தாய்மாரே. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முகவருக்குப் பெரிய தொகை கட்ட வேண்டியதில்லை. ஆண் போவதற்கோ கடன் வாங்க வேண்டும். உம்மா குவைத்திலோ சவூதியிலோ இருக்க, ஊரில் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வருகிறாள். அவளுடைய சீதன வீட்டுக்கான காசு வருகிறது, அந்தக் காசுக்கு விலையாக அவளுடைய படிப்பு போகிறது. பெரிய பிள்ளையானவளை உம்மா இல்லாத வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று உறவுக்காரர் சொல்லத் தொடங்கினால் கலியாணமும் முந்திவிடுகிறது.

தாய் போக முடியாத வீட்டில் மகளே போகிறாள். இதற்கு உலகறிந்த சாட்சி, இதே கிழக்குக் கரையில் வடக்கே உள்ள மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரியில், கடவுச்சீட்டின்படி 1982 பெப்ரவரியில். முகவர்கள் ஆறு வயதைக் கூட்டி எழுதி 2005 மே மாதத்தில் அவரைச் சவூதிக்கு அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களில், அவர் பாலூட்டும்போது வேலை செய்த வீட்டின் நான்கு மாதக் குழந்தை இறந்தது. அந்த மரணத்துக்காக 2007 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. விறகு வெட்டிப் பிழைத்த தகப்பன், போரும் சுனாமியும் கண்ட ஊர், எழுத்தை மாற்றத் தெரிந்த முகவர், மொழி தெரியாத நீதிமன்றம் என்று பல கைகள் அந்தப் பதினேழு வயதைச் சுற்றி நின்றன. அவற்றில் எந்த ஒன்றும் தனியாக அவரைக் கொன்றதாகச் சொல்ல முடியாது என்பதே இப்படிப் பல கைகளில் சிதறிக் கிடக்கும் அதிகாரத்தின் இயல்பு. அதன் பிறகு சவூதிக்குப் போகும் பணிப்பெண்களின் குறைந்த வயதை அரசு 25 ஆக உயர்த்தியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரைத் தடுக்கக் குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கை தகப்பன்மாரிடம் கேட்கப்படவில்லை. 2022 இல் நாடு டொலருக்குத் தவித்தபோது இவ்விதிகள் மறுபடி தளர்ந்தன.

ஆண் பிள்ளைகளின் நிலை இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. தங்கச்சிமாரைக் கரைசேர்க்காமல் தம்பியோ காக்காவோ மணம் முடித்தால் ஊர் சும்மா விடாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கட்டார் விமானமேறுபவன் கட்டுவது தனக்கான வீட்டையன்று, தங்கச்சியின் வீட்டை. அவனுக்கான வீடு இன்னொரு குடும்பத்தில் இன்னொரு காக்காவின் உழைப்பில் எழுகிறது. அப்படிப் பார்த்தால் கைக்கூலியாகப் பெண் வீட்டாரிடம் ரொக்கம் கேட்கும் மாப்பிள்ளையும் நேற்றுவரை யாரோ ஒருத்திக்குக் கொடுத்துக் களைத்தவன்தான். கொடுத்ததை எடுக்க வேண்டும் என்ற நினைப்பு வழக்கத்தை உயிரோடு வைத்திருக்கிறது. படிப்பும் இந்தச் சந்தையிலிருந்து தப்பவில்லை. மருத்துவர், பொறியியலாளர், அரச உத்தியோகத்தர் என்று மாப்பிள்ளைக்குத் தரம் உண்டு. பெண்ணுக்கோ ஆசிரியர் நியமனம் கிடைத்தால் பேச்சு சற்று இளகும். எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் தொடங்கி ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பகுதிப் பெண்களுக்கு வீட்டருகே பட்டம் பெறும் வாசலைத் திறந்தது. பட்டம் வீட்டுக் கடமையை ஒழித்ததாகச் சொல்ல முடியாது.

வழக்கத்தை எதிர்த்த குரல்கள் சமயத்துக்குள்ளிருந்தே எழுந்தன. மஹர் ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது, பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்குவது இஸ்லாத்துக்கு முரண் என்று சீர்திருத்த இயக்கங்கள் மேடைதோறும் பேசின. கைக்கூலி வாங்கிய கலியாணத்தில் கலந்துகொள்வதில்லை என்று முடிவெடுத்தோரும் உண்டு. ரொக்கம் பல இடங்களில் வெட்கப்பட வேண்டிய காரியமானது. வீடு மட்டும் அன்பளிப்பு என்ற பெயரில் தப்பித்துக்கொண்டது. கேட்காமலே கொடுக்க வைப்பதற்கு ஊரின் கண் போதும். யாரும் வாய் திறந்து வற்புறுத்தாத இடத்தில் மறுப்பதற்கும் ஆளில்லை.

நாட்டின் சட்டம் இந்த இடத்தில் பெண் பிள்ளைக்குத் துணை நிற்கிறதா என்று பார்த்தால், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணவயதுக்குக் குறைந்த எல்லை இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவளுக்குக் காதியின், அதாவது முஸ்லிம் குடும்ப நீதிபதியின், அனுமதி வேண்டும் என்பது மட்டுமே உள்ளது. 1995 இல் பொதுச் சட்டத்தில் மணவயது 18 ஆனபோதும் முஸ்லிம்கள் அதற்கு வெளியே நின்றார்கள். காதியாக ஆண் மட்டுமே நியமனம் பெறலாம். திருமணப் பதிவில் மாப்பிள்ளை கையொப்பமிடுகிறார், பெண்ணுக்காக வலிகாரர், அதாவது பெரும்பாலும் வாப்பா, கையொப்பமிடுகிறார். மணப்பெண்ணின் கையொப்பம் சட்டப்படி தேவையில்லை. கைக்கூலியைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்கிறது, திரும்பக் கேட்கவும் வழி விடுகிறது. ஆனால் அதன் வரைவிலக்கணம் பணத்துக்கும் அசையும் பொருளுக்குமே. பேச்சின் மையமான வீடு அதற்குள் அடங்காது. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒரு பெண் முழு உரிமையாளர். அந்த வீட்டுக்குள் அவளோடு வாழப்போகிறவரை ஏற்கும் பதிவேட்டில் அவள் இல்லை. தாய்வழி வழக்கம் அவளுக்கு வீட்டைத் தந்தது, ஆண்வழிச் சட்டமோ எழுதும் இடத்தில் அவளை விட்டுவிட்டது.

திருத்த வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுப் பழையது. 1986 இல் உருவான முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி முதல், பின்னர் வந்த இளம் செயற்பாட்டாளர்கள் வரை அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் முஸ்லிம் பெண்களே. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குள்ளும் உறுப்பினர்கள் இரு கூறாகப் பிரிந்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நிலைமை மேலும் சிக்கியது. ஐந்து நாளில், அவற்றோடு தொடர்புடையவர்கள் தங்கியிருந்த சாய்ந்தமருது வீடொன்றுக்குள் நடந்த வெடிப்பில் குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர். அன்று முதல் முழுக் கரையோரமும் சந்தேகத்தின் கண்ணுக்குக் கீழே வந்தது. அதுவரை இந்தச் சட்டத்தைப் பற்றி அக்கறை காட்டாத அரசியல் கட்சிகளும் இனவாதக் குழுக்களும் திடீரென்று முஸ்லிம் பெண்களுக்காகப் பேசின. 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கு ஞானசார தேரரை ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ தலைவராக்கினார். முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்தால் அறியப்பட்டவர் அவர். அதோடு, ஊருக்குள் திருத்தம் கேட்ட பெண்கள் எதிரிக்கு வாசல் திறப்பவர்கள் என்ற பழிக்கு ஆளானார்கள். சமூகத்தைக் காக்கிறோம் என்ற ஒரு பக்கமும் பெண்களைக் காக்கிறோம் என்ற மறுபக்கமும் மோதியபோது, பதினாறு வயதுப் பிள்ளையின் கலியாணப் பேச்சு இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தது.

மணவயதை 18 ஆக்குவது, மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாக்குவது உள்ளிட்ட திருத்தங்களுக்கு 2019 இல் அமைச்சரவை இணங்கியது. 2021 இல் மேலும் கடந்து காதி நீதிமன்ற முறையையே நீக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு அந்த ஆட்சி கவிழ்ந்தது. வரைவு அமைச்சுக்கும் உலமாக்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இடையே தொடர்ந்து இழுபட்டது. திருத்தம் நிறைவேறினாலும் அது தொடுவது வயதையும் கையொப்பத்தையுமே. சீதன வீட்டைத் தடைசெய்ய யாரும் கேட்கவில்லை, பெண்கள் அமைப்புகளும் கேட்கவில்லை. உள்ள ஒரே சொத்தைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்குவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்டுவந்தவை வேறு: அரசு கட்டிக்கொடுக்கும் வீட்டிலும் வழங்கும் காணியிலும் பெண்ணின் பெயர் வர வேண்டும், மகள்மாருக்கு எழுதும் உறுதியில் மாப்பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொல்லும் நெருக்குதல் நிற்க வேண்டும், மணமுறிவு வழக்கில் காதியின் முன் பெண் தன் வாயால் பேச வேண்டும்.