குடவோலையும் கணினிக் குலுக்கலும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் விதிகளைத் திருத்தி எழுதிய இரண்டாவது 921இல் வெட்டப்பட்டது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை இவற்றிலிருந்துதான் நாம் அறிகிறோம். நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே அங்கு வாய்ப்பு இருந்தது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பட்டியலில் இடம்பெற்றவர்களிடையே பாரபட்சமின்றி எப்படிக் குலுக்குவது என்ற கேள்விக்கு அந்தச் சபை கண்ட விடை, இன்று கணினி நிரல் எழுதுபவர்களும் படிக்க வேண்டியது.

ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரப் பிரிவுகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் வாயோலை என்னும் மேலோலை பூட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியவர், பெரியவர் எல்லோரும் கூடிய சபையில், கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்த ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒன்றை அவனே எடுத்துத் தர வேண்டும். ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் அதை வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். நம்பிமார் அனைவரும் அதையே திரும்பப் படிக்க வேண்டும்.

இன்று குடத்தின் இடத்தில் கணினி இருக்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கணினிக் குலுக்கலில்தான் தொகுதிகளுக்கும் வாக்குச்சாவடிகளுக்கும் ஒதுக்குகிறார்கள். இணையவழித் தேர்வில் வினாக்களின் வரிசை மாறுவதும், கைபேசியில் பாட்டு மாறி மாறி வருவதும் குலுக்கலே. பெரும்பாலான நிரல்மொழிகள், அன்றாட வேலைகளுக்கான ஆயத்த நிரல்களை லைப்ரரியாகத் தொகுத்துத் தருகின்றன. ‘ஷஃபிள்’ அவற்றில் ஒன்று. அழைப்பதற்கு ஒரு வரி போதும். உள்ளே நடப்பதைப் பலரும் பார்ப்பதில்லை. அங்கேதான் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

சரியான முறை எளிமையானது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் அதைப் புள்ளியியல் அட்டவணை நூலில் தந்தார்கள். 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்ப வேகப்படுத்தினார். பட்டியலிலிருந்து தற்செயலாக ஒரு பெயரை எடுத்துத் தனியே வை. மிச்சமுள்ளவற்றிலிருந்து அடுத்ததை எடு. எல்லாம் தீரும்வரை தொடர். ஜாவா, பைத்தான் லைப்ரரிகள் இன்று செய்வது இதைத்தான்.

இதைத் தாமே எழுத முனைபவர்கள், ‘மிச்சமுள்ளவற்றிலிருந்து’ என்பதைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு இடத்தையும் முழுப் பட்டியலில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்று பெயர்களை வைத்துக் கணக்குப் போடுவோம். இந்தத் தவறான முறையில் 3×3×3, அதாவது 27 வழிகள். மூன்று பெயர்களை அடுக்கக்கூடிய வரிசைகளோ 6. இருபத்தேழை ஆறால் மீதமின்றி வகுக்க முடியாது. ஆகவே மூன்று வரிசைகள் 27இல் 5 முறையும், மற்ற மூன்றும் 4 முறையும் வரும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. ஓரிரு முறை ஓட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

வரிசைப்படுத்தும் நிரலிடம், இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்குத் தற்செயலான பதிலைக் கொடுத்துக் குலுக்குவது இன்னொரு தவறு. 2010இல் ஐரோப்பியப் பயனர்கள் தங்களுக்கு வேண்டிய பிரவுசரைத் தேர்ந்தெடுக்க மைக்ரோசாஃப்ட் இப்படிக் குலுக்கிய ஒரு பக்கத்தைக் காட்டியது. முதன்மையான ஐந்து பிரவுசர்களும் சமவாய்ப்புடன் இடம் மாற வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அந்தப் பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்தபோது, எக்ஸ்ப்ளோரரே பாதிக்குப் பாதி முறை கடைசி இடத்தில் வந்தது. வர வேண்டியது ஐந்தில் ஒரு முறை. ராப் வெய்ர் என்பவர் இதை ஆராய்ந்து காட்டிய பிறகு நிரல் திருத்தப்பட்டது.

மூன்றாவது பிழை வகுத்தல் கணக்கில் வருவது. உத்திரமேரூரின் 30 குடும்புகளில் ஒன்றைக் கணினி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 0 முதல் 255 வரையுள்ள ஒரு தற்செயல் எண். அதை 30ஆல் வகுத்து மீதியை எடுப்பதுதான் பலருடைய வழக்கம். 256இல் 30 எட்டு முறை அடங்கி 16 மிஞ்சுகிறது. அதனால் முதல் 16 குடும்புகளுக்கு 9 வாய்ப்பு, கடைசி 14 குடும்புகளுக்கு 8 வாய்ப்பு. 240உம் அதற்கு மேலும் வரும் எண்களை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தால் இந்த ஓரவஞ்சனை நீங்கும். நல்ல லைப்ரரிகள் இப்படித்தான் செய்கின்றன.

நான்காவது பிழைதான் ஆபத்தானது. கணினியின் தற்செயல் எண்கள் பெரும்பாலும் ஒரு ‘விதை’ எண்ணிலிருந்து கணக்கிடப்படுபவை. விதை தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும். ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், தன் இணையச் சீட்டாட்டத்தின் நேர்மையைக் காட்டுவதற்காகக் குலுக்கல் நிரலை வெளியிட்டது. நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிவினாடிகளே அதில் விதை. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் விதைகள்தான். 1999இல் ஆய்வாளர்கள் தங்கள் கடிகாரத்தைச் சர்வரின் நேரத்தோடு பொருத்தி, அந்த எண்ணிக்கையைச் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். ஐந்து சீட்டுகள் தெரிந்ததும், மற்றவர் கையில் இருப்பதை எல்லாம் சொல்லிவிட முடிந்தது. உள்ளே இருப்பதை அறியாத சிறுவனே ஓலை எடுக்க வேண்டும் என்ற விதி காப்பது இதைத்தான்.

விதை சிறிதாக இருந்தாலும் சிக்கல். ஜாவாவின் வழக்கமான தற்செயல் எண் நிரலின் விதை 48 பிட்; அதாவது சுமார் 281 லட்சம் கோடி விதைகள். 17 பெயர்களை அடுக்கும் வரிசைகளோ 355 லட்சம் கோடிக்கும் மேல். ஆகவே 17 பேர் கொண்ட பட்டியலிலேயே சில வரிசைகள் ஒருபோதும் வராது. சி பிளஸ் பிளஸ் மொழி தன் பழைய குலுக்கல் நிரலை 2017ஆம் ஆண்டுத் தரநிலையில் நீக்கியேவிட்டது. எந்தத் தற்செயல் மூலத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை நிரலாளர் வெளிப்படையாகச் சொல்லும்படி செய்யும் புதிய நிரல் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

நிரல் எழுதுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. குலுக்கலை நீங்களே எழுதாதீர்கள். லைப்ரரி தருவதையே பயன்படுத்துங்கள். பணம், பதவி, கல்வி இடம் போன்றவை சார்ந்திருந்தால், பாதுகாப்புக்கென்றே அமைந்த தற்செயல் மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பொதுக் குலுக்கல் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலையும் நிரலையும் முன்கூட்டியே வெளியிடுங்கள். பட்டியல் முடிவான பிறகு, மக்கள் முன்னிலையில் பகடை உருட்டி விதை எண்ணை முடிவு செய்து அறிவியுங்கள். அப்போது வீட்டில் கணினி வைத்திருக்கும் எவரும் அதே குலுக்கலை மறுபடி நடத்தி, அதே பெயர்கள் வருகின்றனவா என்று சரிபார்க்கலாம். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கும் கடமை கணினிக்கும் உண்டு.