வயலையே சந்தையாக்கிய பரங்கிச் சாகுபடி

விளைந்த பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டு சென்று விற்பதே குடியானவர்களின் பொது வழக்கம். ஐக்கிய அமெரிக்க நாட்டிலோ, இலையுதிர் காலமாகிய செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரையில், நகரவாசிகள் பெண்டு பிள்ளைகளுடன் மோட்டார் ஏறிப் பரங்கித் தோட்டங்களை நாடிச் செல்கின்றனர். வேண்டிய காயைத் தாமே தேடியெடுத்து, அங்கேயே கிரயம் கொடுத்து வாங்கி வருகின்றனர். கனத்ததும், இடத்தை அடைப்பதுமான இக்காயை வண்டிச் சத்தமும் தரகும் கொடுத்து விற்றால், பயிரிட்டவனுக்கு மிஞ்சுவது சொற்பமே. வாங்குவோரையே வயலுக்கு வரவழைப்பதால் அச்செலவு நீங்குகிறது. பட்டணங்களை அடுத்த சிறு பண்ணைகள் பல, வீட்டு மனைகளாக மாறாமல் நிலைத்து நிற்பதற்கு இவ்வரும்படி உதவியாயிருக்கிறது. ஆனால் இது எளிதில் கைக்கு வரும் ஆதாயம் அன்று.

காயும் பண்டிகையும்

பரங்கியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டமே. மெக்ஸிகோ நாட்டு ஓஹாகா பிரதேசத்தில் உள்ள ஒரு குகையில், சுமார் 10,000 வருஷங்களுக்கு முன் மனிதர் பயிரிட்ட பரங்கி இனத்தின் விதைகள் கிடைத்திருக்கின்றன. அது கடல் கடந்து வந்த காய் என்பதைத் தமிழில் வழங்கும் ‘பரங்கி’ என்னும் பெயரே காட்டும். கலியாணப் பூசணி வேறு சாதி. அது ஆசியாவுக்கு உரியது.

அயர்லாந்து மக்கள் அக்டோபர் 31-ஆம் தேதி இரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கேற்றி வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய பின், அதனினும் பெரிதும் குடைவதற்கு எளிதுமான பரங்கியை அதற்குக் கையாண்டனர். ஹாலோவீன் எனப்படும் அப்பண்டிகை முடிந்த மறுநாளே, குடைவதற்கான காயின் விலை அடியோடு விழுந்துவிடுகிறது. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமையன்று வரும் நன்றியறிதல் விருந்துக்குப் பரங்கிப் பணியாரம் செய்வது வழக்கமாயினும், அதற்குப் பெரும்பாலும் டப்பியில் அடைத்த பரங்கிச் சதையையே உபயோகிக்கின்றனர்.

இனங்களும் பயிர் முறையும்

குடைவதற்குரியவை ‘குக்கர்பிட்டா பெப்போ’ இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் தோன்றிய ‘ஹௌடன்’ பெயர் பெற்றது. டப்பியில் அடைப்பதற்கு மங்கிய நிறமுள்ள ‘மாஸ்கேட்டா’ இனக் காய்கள் ஏற்றவை. இவை இல்லினாய் மாகாணத்தில் மார்ட்டன் நகரைச் சூழ்ந்து மிகுதியாகப் பயிராகின்றன. கண்காட்சிகளில் ஆயிரம் கிலோவுக்கு மேலும் நிறுக்கும் ராட்சதக் காய்கள் ‘மாக்ஸிமா’ இனத்தவை.

வட மாகாணங்களில் மே கடைசி முதல் ஜூன் கடைசி வரை விதைக்கின்றனர். இனத்துக்கு ஏற்ப 90 முதல் 120 நாட்களில் காய் முற்றும். முந்தி விதைத்தால் ஜனங்கள் வருமுன்னரே காய் பழுத்து அழுகத் தொடங்கும். பிந்தி விதைத்தால் உறைபனிக்கு இரையாகும். பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணி விதைப்பதே இப்பயிரின் முதல் விதி.

ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே ஒரே கொடியில் பூக்கின்றன. பூ விரிந்திருப்பது ஒரு காலைப் பொழுதே. அதற்குள் தேனீக்கள் மகரந்தத்தைச் சேர்க்காவிடில் பிஞ்சு உதிர்ந்துவிடும். ஆகையால் பூக்கும் காலத்தில் காலை வேளையில் பூச்சி மருந்து தெளித்தலாகாது. தண்ணீர் தேங்கும் நிலத்தில் ‘பைட்டாப்தரா’ என்னும் அழுகல் நோய் தோட்டம் முழுவதையும் அழித்துவிடக் கூடும். அதனால் வடிகால் அமைப்பதும், ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் பரங்கி வைக்காமல் பயிரை மாற்றுவதும் அவசியம்.

காம்பு இல்லாத காயை ஒருவரும் விரும்புவதில்லை. சாம்பல் நோயால் இலை கருகினால் காம்பும் நலிந்துபோகும். வருவோர் கையில் கத்தி கொடுப்பது அபாயமாதலால், பல பண்ணைகளில் ஆட்களே காம்பை நீளமாக விட்டு முன்னதாக நறுக்கி, காயை வயலிலேயே விட்டு வைக்கின்றனர். காம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லுகின்றனர்.

வருவோருக்கான ஏற்பாடுகள்

காயின் விலை மட்டும் பண்ணைக்குப் போதுவதில்லை. வைக்கோல் பரப்பிய வண்டியில் தோட்டத்தைச் சுற்றி வருதல், ஆப்பிள் சாறு, ஆடு கோழிகளைக் காட்டுதல் முதலியவற்றுக்கும் கட்டணம் உண்டு. மக்காச்சோளக் கொல்லையினுள் வளைந்து செல்லும் பாதைகளை வெட்டி, புகுந்தவர் வழி கண்டு வெளியேறுமாறு அமைக்கும் விளையாட்டு, 1993-இல் பென்ஸில்வேனியா மாகாணத்து ஆன்வில் என்னும் ஊரில் செய்யப்பட்ட பின் எங்கும் பரவிற்று. 2017-ஆம் வருஷத்துப் பண்ணைக் கணக்கெடுப்பில், இவ்வாறு வருவோரால் பண்ணைகளுக்குக் கிடைத்த வரும்படி சுமார் 95 கோடி டாலர். 2022-இல் அது சுமார் 126 கோடி டாலராயிற்று. இத்தொகை பரங்கித் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. எல்லாவிதப் பண்ணை உல்லாசங்களும் இதில் அடங்கும்.

நஷ்டமும் ஆபத்தும்

கூட்டம் வருவது ஐந்தாறு சனி ஞாயிறுகளில்தான். அவற்றில் இரண்டு மழையில் போயின், வருஷத்து ஆதாயமே போய்விடும். மழையில் நனைந்த நிலத்தில் மோட்டார்களை நிறுத்தினால் மண் இறுகி மறு பயிரும் கெடும். வண்டியிலிருந்து குழந்தை விழுந்தால் பண்ணைக்காரர் வழக்குக்கு உள்ளாவார். இன்ஷ்யூரன்ஸ் செலவும் ஏறுகிறது. இதற்காகப் பல மாகாணங்கள் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. வட கரோலினாவின் 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பண்ணை வாயிலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத கறுப்பு எழுத்துக்களில் எச்சரிக்கைப் பலகை வைத்தல் வேண்டும். பலகை வைத்தமையால் அஜாக்கிரதைக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. கால்நடைகளைத் தொட்ட குழந்தைகள் கை கழுவாமல் உண்டால் கடுமையான வயிற்று நோய் காணலாமாதலால், தண்ணீரும் சோப்பும் அருகிலேயே வைக்க வேண்டும்.

தம் பயிர் பொய்த்த வருஷத்தில் வேறிடத்துக் காயை மொத்தமாக வாங்கிப் புல்தரையில் பரப்பி வைப்பவரும் உண்டு. அதனை மறைக்காமல் சொல்லி விற்பதில் குற்றமில்லை. ஆயினும் ஜனங்கள் இத்தனை தூரம் வருவது கடையில் இல்லாத ஒன்றைக் காண்பதற்கே: கொடியும், இலையும், மண்ணும், அவற்றினிடையே விளைந்து கிடக்கும் காயும். ஒரு சிறு பாகத்திலாவது கொடியுடன் பயிரை நிறுத்தி வைக்கும் பண்ணைக்கு அடுத்த வருஷமும் அதே குடும்பங்கள் வருவதற்குக் காரணம் உண்டு.

ஆகவே, அனுபவமுள்ள பண்ணைக்காரர்கள் முழு நிலத்தையும் இதற்கே விடுவதில்லை. இரு தவணையாக விதைத்தும், ஒரு பகுதிக் காயைக் கடைகளுக்கு முன்னதாகப் பேசி வைத்தும், மழையால் நேரும் நஷ்டத்தைப் பகிர்ந்துவிடுகின்றனர். பண்டிகைக்குப் பின் எஞ்சிய காய் மாடுகளுக்குத் தீவனமாகிறது. அல்லது உழுது மண்ணில் மடக்கப்படுகிறது.