ஒரே சர்வர், இரண்டு முகவரி: வழி பிரிவது எப்படி?

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் தொடங்கினார். இரண்டுக்கும் தனித்தனி இணைய முகவரி தந்து, ஒரே சர்வரில் வைப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் ‘வரலாறு’ என்றொரு பக்கம். வாசகர் கேட்பது எந்த வரலாறு?

விடை, பிரவுசர் அனுப்பும் கோரிக்கையிலேயே இருக்கிறது. அதிலுள்ள ‘ஹோஸ்ட்’ வரி டொமைன் பெயரைச் சொல்லிவிடும். 1997இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை அந்த வரியைக் கட்டாயமாக்கியது.

ஆனால் பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ, பக்கத்தைத் தேடும்போது டொமைனைப் பார்ப்பதில்லை; அதற்குப் பின்வரும் பாதையை மட்டுமே பார்க்கிறது. இதைச் சமாளிக்க ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் ‘இந்த டொமைனா, அந்த டொமைனா’ என்று சோதிப்பது வீண் உழைப்பு. மூன்றாவது முகவரி சேர்ந்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். கோரிக்கைக்கும் பக்கத்துக்கும் இடையே இயங்கும் நிரலான மிடில்வேர் ஒன்றே போதும். அது ஹோஸ்ட் வரியைப் படித்து, அந்த டொமைனுக்கு உரிய பாதைப் பட்டியலைக் கோரிக்கையோடு இணைத்துவிடும். பொதுப் பட்டியலுக்குப் பதில் ஜாங்கோ அதையே பின்பற்றும். பைத்தானின் இன்னொரு இணையக் கட்டமைப்பான ஃபிளாஸ்க்கில் ஹோஸ்ட் பொருத்தம் உள்ளேயே இருக்கிறது; அதை இயக்கி, ஒவ்வொரு பாதைக்கும் உரிய ஹோஸ்டைக் குறிப்பிட்டால் போதும்.

தமிழ் டொமைனில் கவனம் தேவை. ‘.இந்தியா’ என்று முடியும் முகவரி, ‘எக்ஸ்என்’ எனத் தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகவே சர்வரை அடையும். மிடில்வேரில் டொமைன் பெயரை அந்த வடிவத்திலேயே எழுதுங்கள்.

ஜாங்கோவின் அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் பட்டியலிலும் அதே வடிவத்தைச் சேர்க்க வேண்டும்; இல்லையேல் அது 400 பிழையைத் திருப்பி அனுப்பும்.