'மோதல்' என்றொரு சொல்

1999 செப்டம்பரில் நான் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் இருந்தபடி ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக வேலை பார்த்தேன். அச்சாகும் செய்திக்குக் கொஞ்சம் பணம், பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்த நாளில் தலித் குடியிருப்புகள் தாக்கப்படுவதாகவும் குடிசைகள் எரிவதாகவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேதி வந்தது. தொலைபேசியில் நான் சொன்ன சொல் 'தாக்குதல்'. மறுநாள் அச்சில் வந்தது 'இரு தரப்பினர் மோதல்'. என்ன தரப்பு, யார் வீடு, எந்தத் தெரு என்று எதுவுமே இல்லை. கேட்டதற்கு, சாதிக் கலவரம் பரவிவிடக் கூடாதே என்றார்கள். அந்த வயதில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. இத்தனை ஆண்டு கழித்து அந்தச் சொல்லை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தத் தேர்தல் சாதாரணத் தேர்தல் அல்ல. அதுவரை தேர்தலையே புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல் தடவையாகக் களத்துக்கு வந்த தேர்தல். தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் தொல். திருமாவளவன் சைக்கிள் சின்னத்தில் நின்றார். தனித் தொகுதிதான், எல்லா வேட்பாளரும் பட்டியல் சாதியினர்தான். ஆனாலும் யாருடைய ஆள் என்ற கேள்வி எழுந்தது. காலனியிலிருந்து சாவடிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும் என்ற இடங்களில் அந்தத் தெரு மூடிக்கொண்டது. பலர் வாக்களிக்க முடியாமலே திரும்பினார்கள். திருமாவளவனுக்கு இரண்டேகால் லட்சம் வாக்குகள் விழுந்தன, பா.ம.க.வின் இ. பொன்னுசாமி வென்றார். தடுக்கப்பட்ட வாக்குகள் எத்தனை என்று எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. விழுந்த வாக்கைத்தான் எண்ண முடியும்.

இருபது ஆண்டு கழித்து, 2019 ஏப்ரல் 18. அதே தொகுதி, அதே வேட்பாளர். இப்போது பானைச் சின்னம். விருத்தாசலம் தாண்டி அரியலூர் மாவட்டத்துக்குள் செந்துறைப் பக்கம் இருக்கும் பொன்பரப்பியில், வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் அடித்து நொறுக்கினார்கள். பானையைப் போட்டு உடைத்ததிலிருந்து தகராறு தொடங்கியது என்று காலனித் தரப்பும், முதலில் கை வைத்தது அவர்கள்தான் என்று எதிர்த்தரப்பும் சொன்னார்கள். யார் தொடங்கினார்கள் என்பதை விசாரணை சொல்லட்டும். உடைந்து கிடந்த ஓடுகள் எந்தத் தெருவில் கிடந்தன என்பதை அறிய விசாரணை தேவையில்லை. ஆனால் அன்று இரவு செய்திகளில் மறுபடியும் 'மோதல்' வந்தது, 'ஒரு சமூகத்தினர்' வந்தது.

சாவடிக்கு வெளியே நடந்த வன்முறை, உள்ளே வாக்குப்பதிவு தடைபடவில்லை என்பது அதிகாரிகள் தரப்பின் நிலை. அந்தத் தேர்தலில் தமிழகத்தில் மே 19 அன்று 13 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. எங்கள் பண்ருட்டிச் சட்டமன்றத் தொகுதிக்குள் இருந்த ஒரு சாவடியும் அந்த 13-இல் ஒன்று. பொன்பரப்பி அந்தப் பட்டியலில் இல்லை. தொகுதி முடிவு வந்தபோது திருமாவளவன் வென்ற வித்தியாசம் 3,219 வாக்குகள்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதல் என்றால் தடியோடு உள்ளே புகுந்து இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் நம் மனதில் படம் இருக்கிறது. 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 135ஏ பிரிவு அதைவிட அகலமானது. வாக்காளரை நேரடியாகவோ மறைமுகமாகவோ மிரட்டிச் சாவடிக்குப் போகவிடாமல் தடுப்பதும் சாவடியைக் கைப்பற்றியதாகவே கருதப்படும். அதே 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், தலித்தோ பழங்குடியினரோ வாக்களிக்கக் கூடாது என்றோ இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்றோ மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. சாவடிக்கு 'உள்ளே', 'வெளியே' என்று கோடு கிழித்தது சட்டம் அல்ல. நடைமுறைதான் கிழித்தது. செய்தியும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டது.

சரி, காலனிக்குள்ளேயே ஒரு சாவடி வைத்துவிட்டால்? பல ஊர்களில் கேட்கப்படும் கோரிக்கைதான்; நியாயமானதும்கூட. ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியாக வெளியே வருகிறது. காலனிச் சாவடியில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பது எண்ணி முடித்த அன்றே ஊர் முழுக்கத் தெரியும். தனியாளின் வாக்கு ரகசியம். தெருவின் வாக்கு ரகசியம் அல்ல. மறுநாள் கூலி வேலைக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் எவர் நிலத்தில் நிற்பார்கள்? பல இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்துக் கூட்டிச் சொல்லும் கருவியைத் தேர்தல் ஆணையமே முன்வைத்தது, சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இதைப் பற்றி எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலாவது ஒரு மணி நேரம் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

தமிழகத்தில் கட்சிக்கு ஒரு அலைவரிசை. தி.மு.க. பக்கம் கலைஞர், அ.தி.மு.க. பக்கம் நியூஸ் ஜெ, பா.ம.க.வுக்கு மக்கள், சிறுத்தைகளுக்கு வெளிச்சம். சார்பு இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை; அது வெளிப்படையாகவே தெரிகிறது. என் பயம் நடுநிலை என்று பெயர் சொல்லிக்கொண்டு விலைபோகும் செய்தியைப் பற்றியது. 2009 தேர்தலுக்குப் பிறகு, காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் பழக்கத்தை ஆராய்ந்த பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு 71 பக்க அறிக்கை தயாரித்தது. பரஞ்ஜாய் குஹா தாகுர்தாவும் சீனிவாச ரெட்டியும் எழுதியது. கவுன்சில் 2010-இல் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது. முழு அறிக்கை மக்கள் கைக்கு வர, மத்திய தகவல் ஆணையம் 2011-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஊருக்குள் செய்தி சேர்ப்பவனே விளம்பரமும் பிடித்தாக வேண்டும் என்றிருக்கும் வரை, விளம்பரம் தரக்கூடியவரின் தெருவைப் பற்றி அவன் எப்படி எழுதுவான்? நான் அந்த வேலையில் இருந்தவன், அதனால் கேட்கிறேன்.

அடுத்து வந்த சண்டை வாக்காளர் பட்டியலைப் பற்றியது. 2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில். தி.மு.க.வும் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள், அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஆதரித்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடி பெயர்கள் 5.43 கோடியாகியிருந்தன. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஒரு பக்கம் வாக்குரிமைப் பறிப்பு என்றது. மறு பக்கம் போலி வாக்காளர்கள் ஒழிந்தார்கள் என்றது. இரண்டு முழக்கத்துக்கும் நடுவே ஆணையம் தந்த கணக்கு கிடந்தது: இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இரட்டைப் பதிவு மூன்றரை லட்சத்துக்கும் குறைவு, இடம்பெயர்ந்தவர்களும் வீட்டில் காணக் கிடைக்காதவர்களும் 66 லட்சத்துக்கு மேல். போலி ஒழிந்தது என்று சொல்ல அந்த மூன்றரை லட்சம் போதாது. இறந்த 27 லட்சத்தை வைத்துக்கொண்டு பறிப்பு என்றும் சொல்ல முடியாது. கேள்வி எல்லாம் அந்த 66 லட்சத்தில்தான். அவர்கள் யார்? திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் கேரளத்துக்கும் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் ஊர் வருபவர்கள். அதிகாரி வந்த மூன்று தடவையும் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார். ஊர் ஊராகப் போய் இந்த 66 லட்சத்தை எழுதுவதுதான் செய்தியாளரின் வேலையாக இருந்தது. பெரும்பாலும் இரண்டு கட்சிக்காரர்களை எதிரெதிரே உட்கார வைத்து விட்டுவிட்டோம்.

ஜனவரியில் எங்கள் தெருவில் ஒரு அக்கா படிவம் 6-ஐ எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பவர். மகளின் பிரசவத்துக்காக நவம்பர் முழுக்கக் கோயம்புத்தூரில் இருந்தவர். இடம்பெயர்ந்தவர் என்று பெயர் போய்விட்டது. முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் படிவத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். புதிய வாக்காளர் சேர்ப்பு விண்ணப்பம் என்று படித்துச் சொன்னேன்.

"முப்பது வருசமா போட்டுக்கிட்டிருக்கேன் தம்பி. நான் புதுசா?"

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருடைய பெயரைக் கட்டத்துக்கு ஒரு எழுத்தாக நிரப்பத் தொடங்கினேன்.