டெம்போவுக்குத் திரும்பி வந்த பிளக்

மும்பைச் சக்கரங்கள் – 14

சயானை விட்டுக் கிளம்பும் லோக்கல் ரயில் அடுத்து நிற்கும் இடம் குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் ஆலை அங்கேதான் இருந்தது. பத்மினி காரைச் சொன்னால் எல்லோருக்கும் அந்த ஆலை நினைவுக்கு வரும். பத்மினிக்கு முன்பே டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் அங்கே உருவாயின என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அக்காலத்து டாட்ஜ் பெட்ரோல் லாரிக்கு ஆறு சிலிண்டர், ஆறு பிளக். பானெட்டைத் தூக்கினால் வரிசையாகக் கண்முன்னே நிற்கும்.

1954-இல் டெல்கோ நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து டீசல் லாரி செய்யத் தொடங்கியது. டீசல் இன்ஜினில் காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூடே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். தனியாகப் பொறி வேண்டாம். லாரி மெக்கானிக்குகள் பம்ப், நாசில் பக்கம் போனார்கள். பிளக், பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் எல்லாம் டாக்சி மெக்கானிக்கின் சொத்தாயின.

பிளக் சரக்கு வண்டிக்குத் திரும்பி வந்தது கேஸ் வழியாக. 1995-இல் மகாநகர் கேஸ் தொடங்கப்பட்டது. புகை மாசுக்கு எதிரான பொதுநல வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2001-இல் பிறப்பித்த உத்தரவு பழைய டாக்சிகளை சி.என்.ஜி-க்குத் தள்ளியது. டெம்போக்கள் பின்னால் வந்தன. 2005-இல் டீசலில் அறிமுகமான டாடா ஏஸுக்குப் பிறகு கேஸ் வடிவமும் வந்தது: இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். 1986 முதல் டீசலில் ஓடிய டாடா 407-க்கும் 2021-இல் கேஸ் இன்ஜின் கிடைத்தது. இன்று தாராவிச் சரக்கை ஏற்றி சயான் சிக்னலில் நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்குள் பொறி பறக்கிறது.

“அண்ணே, பாலம் ஏறுறப்போ வண்டி இழுக்க மாட்டேங்குது, மிஸ் அடிக்குது” என்பதுதான் பழைய கேஸ் டெம்போ ஓட்டுநர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார். பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்றால் முதலில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் மிஸ் அடிப்பது நின்றுவிட்டாலும் பிளக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேஸும் காற்றும் கலந்த கலவைக்குள் பொறி பாய்வதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். லோடு ஏறும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும், தேவை இன்னும் உயரும். பெட்ரோலில் சமாளிக்கும் தேய்ந்த பிளக், கேஸில் பாலத்து ஏற்றத்திலேயே கைவிட்டுவிடும். பல கேஸ் இன்ஜின்களில் பிளக் இடைவெளியைக் குறைத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

பத்மினியில் கை பழகிய மெக்கானிக் பிளக்கின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்வார். இளம்பழுப்பு என்றால் இன்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டும். கேஸில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. கேஸ் கரியில்லாமல் எரிவதால் நல்ல பிளக்கே வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘சுத்தமாத்தான் இருக்கு’ என்று திரும்ப மாட்டுவதில்தான் பிசகு நடக்கிறது. கேஸ் பிளக்கில் பார்க்க வேண்டியது எலக்ட்ரோடின் விளிம்பு. அது மழுங்கி உருண்டிருந்தால் ஆயுள் முடிந்தது. இடைவெளி விரிந்திருக்கும், அதைத் தாண்டிப் பொறியை அனுப்பக் காயில் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கும்.

மாற்றும் வேலை சின்னதுதான், அவசரம் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். கழற்றுவதற்கு முன் பிளக்குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். இடைவெளியை ஆக்ஸா பிளேடால் அளக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருகி உட்கார வைத்து, வாஷர் உள்ள வகையென்றால் அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் இறுக்கினால் போதும். கூடவே ஏர் ஃபில்டர், பிளக் வயர், டேப்பெட் இடைவெளி ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் இன்றைய டியூனிங்கில் கைவேலை ஏறக்குறைய முடிந்தது. டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? இங்கேதான் சயான் தனிக் கணக்குக் கேட்கிறது. 1912-இல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடியதிலிருந்து சுற்றுப்பாதை நெரிசலைச் சொல்லி மாளாது. நெரிசலில் கிலோமீட்டர் ஏறாது. பிளக் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலிங்கில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு பிளக் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 24,000 முறை பொறி கக்கும். நெடுஞ்சாலை வண்டியை மனத்தில் வைத்து எழுதிய கிலோமீட்டர் கணக்கு நகரத்து டெம்போவுக்குத் தாராளம்.

ஆகவே ஊருக்குள்ளேயே ஓடும் பழைய கேஸ் வண்டிக்கு மே மாதக் கடைசியில் ஒரு டியூனிங் கட்டாயம் என்பேன். ஜூனில் மழை இறங்கி, காந்தி மார்க்கெட்டிலும் சயான் 24-ஆம் நம்பர் சாலையிலும் தண்ணீர் நின்றால், வெடிப்பு விட்ட பிளக் வயரும் அதன் ரப்பர் மூடியும் மின்சாரத்தை வெளியே கசியவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் அந்தக் கசிவு நீலமாகத் தெரியும். டியூனிங்கைத் தள்ளிப்போட்டால் எரியாத கேஸ் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கும். இரண்டு பிளக்கின் விலையைக் கன்வெர்ட்டர் விலையோடு வைத்துப் பார்த்தால், மே மாதம் அரைநாள் வண்டியை நிறுத்துவது நஷ்டமே இல்லை.

அடுத்த வாரம்: கேஸ் வண்டிகளில் டேப்பெட் இடைவெளி ஏன் சுருங்குகிறது?

(தொடரும்)