நரம்புக் குறிப்பலைக் கடத்தலும் மையலின் சிதைவும்

முன்னுரை

நோய் புதிதாக வளராத நிலையிலும் அதன் அறிகுறி சிறிது நேரம் தோன்றி மறைவதுண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் சிலருக்கு உடலுழைப்பின்போது பார்வை மங்கி, ஓய்வுக்குப்பின் மீள்வதை 1890ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் பதிவு செய்தார். உடல்வெப்ப உயர்வே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நரம்புக் குறிப்பலை கடத்தப்படும் முறை இதனை விளக்குகிறது.

கடத்தலின் இயல்பு

ஓய்வுநிலையில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தம் கொண்டது. தூண்டல் உரிய அளவை எட்டியதும் சவ்விலுள்ள சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உட்புகுவதால் உட்புறம் நேர்மின் நிலையை அடைகிறது. பின்னர்ப் பொட்டாசியம் அயனிகள் வெளியேற, ஓய்வுநிலை மீள்கிறது. கணவாயின் பெருநரம்பிழையை ஆராய்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இந்நிகழ்வைக் கணிதச் சமன்பாடுகளால் விளக்கினர். 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மையலின் உறை மின்காப்பாகச் செயற்படுகிறது. உறையின் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் சோடியம் கால்வாய்கள் செறிந்துள்ளன. ஆகவே குறிப்பலை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவிச் செல்கிறது. உறையற்ற மெல்லிழைகளில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டராக உள்ள வேகம், உறையுடைய தடித்த இழைகளில் 120 மீட்டர் வரை உயர்கிறது. அடுத்த கணுவைத் தூண்டத் தேவையானதைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் நலமான இழையில் கிடைக்கிறது.

சிதைவும் வெப்பமும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நோயெதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் மையலினைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் மின்னோட்டம் கசிவதால், அடுத்த கணுவை எட்டுவது தேவைக்குச் சற்றே மிகுதியாக நிற்கிறது. வெப்பம் உயரும்போது சோடியம் கால்வாய்கள் விரைந்து மூடிக்கொள்கின்றன. குறிப்பலையின் கால அளவு குறுகுகிறது. எஞ்சியிருந்த சிறு மிகுதியும் இழக்கப்பட்டுக் கடத்தல் தடைப்படுகிறது. உடல் குளிர்ந்ததும் கடத்தல் மீள்கிறது. நலமான நரம்பு இதே வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது.

பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கும் 4-அமினோபிரிடின் குறிப்பலையை நீட்டிக்கிறது. நோயாளிகளின் நடையை மேம்படுத்த 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து மையலினைச் சீரமைப்பதில்லை. கடத்தலுக்கு மட்டுமே துணைபுரிகிறது.

முடிவுரை

வந்து மறைவதால் அறிகுறியை மனப்பிரமை என ஒதுக்குதல் பிழை. வெப்பத்தால் மிகுவதைப் புதிய தாக்குதலாகக் கொள்ளுதலும் பிழை. காய்ச்சலோ தொற்றோ இன்றி 24 மணிநேரமேனும் நீடிக்கும் புதிய அறிகுறியே மறுதாக்குதலாகக் கருதப்படுகிறது. முன்னதற்கு உடலைக் குளிர்வித்தல் பெரும்பாலும் போதுமானது. பின்னதற்கு ஸ்டீராய்டு மருத்துவம் தேவைப்படலாம். இவ்வேறுபாட்டை அறிதல் தேவையற்ற மருந்தையும் தேவையற்ற அச்சத்தையும் தவிர்க்கும்.