பில்லில் தேதி சரிதானா?

தராசைப் பார்க்காமல் வியாபாரத்தைத் தொடங்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. காலையில் கல்லாவைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு, தட்டைத் துடைத்து, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முதல் போணி. ஆனால் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பில் மெஷினின் கடிகாரத்தை எத்தனை பேர் பார்க்கிறோம்?

சில மாதங்களுக்கு முன் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் கையில் ஒரு கட்டு பில்லோடு சங்கத்துக்கு வந்தார். மாதக் கணக்கில் சரக்கு எடுக்கும் ஓட்டல்காரர் ஒருவர் பணம் தர மறுக்கிறாராம். பணம் இல்லாமல் அல்ல. ஓட்டலின் கணக்குப்பிள்ளை அந்தப் பில்களைக் கொள்முதல் கணக்கில் ஏற்ற மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கிப் பார்த்தோம். பதினோரு நாள் பில்களிலும் ஒரே தேதி: 1970 ஜனவரி 1.

"அந்த வருஷம் எங்கப்பாவே கடை ஆரம்பிக்கலைங்க. நான் எப்படி பில் போட்டிருப்பேன்?" என்றார் அவர். சிரிப்பு வந்தது. ஆனால் நின்றுபோன பணம் சிரிக்கிற தொகை இல்லை.

மெஷினைப் பழுதுபார்க்க வந்த இளைஞர் திறந்து பார்த்துவிட்டு, "மெஷின் கெடலை அண்ணாச்சி, அதுக்கு மணி மறந்துபோச்சு" என்றார். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் அன்று சொன்ன விளக்கத்தையும், அதன்பின் நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் நம் வணிகப் பெருமக்கள் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மெஷினுக்குத் தேதி தெரியாது

முதலில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். பில் மெஷினுக்குள் இருக்கும் சில்லுக்கு நாள், மாதம், வருடம் என்ற அறிவு கிடையாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். உள்ளே ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையை 15 முறை பாதி பாதியாக்கினால் சரியாக 1 வரும். அதுதான் ஒரு நொடி. மின்சாரம் நின்றாலும் இந்த எண்ணிக்கை நிற்காமல் இருக்கவே பட்டன் பேட்டரி.

எண்ணுவதென்றால் எங்கிருந்து எண்ணுவது? நாம் புதுக்கணக்கு தொடங்குவதுபோல அதற்கும் ஒரு தொடக்கம் வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி முதலானோர் யூனிக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கியபோது, முதலில் 1971 ஜனவரி 1 முதல், நொடியை அறுபதாகக் கூறுபோட்டு எண்ணினார்கள். அவ்வளவு சிறு அளவில் எண்ணினால் 32 இலக்க இடம் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும். ஆகவே பிறகு முழு நொடியாக எண்ணத் தொடங்கினார்கள். தொடக்கமும் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு என்று நிலைத்தது. இன்றைக்கு உலகில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களும் கைபேசிகளும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன.

இப்போது நம் உறுப்பினரின் பில் புரிந்துவிடும். இரவு கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது அவர் வழக்கம். பேட்டரி இல்லாததால் எண்ணிக்கை அழிந்து, காலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1. முதல் பில்களில் நேரம் காலை 5.30 என்று இருந்ததே, அதற்கும் காரணம் உண்டு. கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் இந்தியாவில் 5.30 மணி. வேறு சில மெஷின்களில் தொடக்கம் 1980 ஆகவோ 2000 ஆகவோ இருக்கும். எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

ஐந்தரை மணி நேரக் கணக்கு

மெஷின் எண்ணுவது கிரீன்விச் கணக்கு. பில்லில் அச்சாக வேண்டியது இந்திய நேரம். இடையில் 19,800 நொடிகளைக் கூட்ட வேண்டும். அதைக் கூட்டுவது மெஷினுக்குள் எழுதிவைத்திருக்கும் புரோகிராம். தவறு பெரும்பாலும் நேர்வது எண்ணுவதில் அல்ல, இந்த மாற்றுக்கணக்கில்தான்.

கூட்ட மறந்தால் என்ன ஆகும்? காய்கறி, பூ, பழம் மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டும். கோயம்பேடு போன்ற சந்தைகளில் நள்ளிரவுக்குப் பிறகுதானே வியாபாரம் சூடுபிடிக்கிறது! 2025 ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குப் போட்ட பில், கிரீன்விச் கணக்கில் மார்ச் 31 இரவு 9.30. அதாவது புது நிதியாண்டின் முதல் விற்பனை பழைய நிதியாண்டில் போய் விழுகிறது. பில்லில் தேதியும், நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்ணும் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. எண் ஓர் ஆண்டுக்கும் தேதி வேறோர் ஆண்டுக்கும் உரியதாக இருந்தால், அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

இரண்டு முறை கூட்டினாலும் ஆபத்துதான். கடிகாரத்தையே இந்திய நேரத்தில் வைத்துவிட்டு, புரோகிராமும் மறுபடி ஐந்தரை மணியைக் கூட்டினால், மாலை 6.30க்கு மேல் போடும் பில்லெல்லாம் மறுநாள் தேதியில் விழும். மளிகைக் கடைக்குக் கூட்டம் சேரும் நேரமே அதுதான்.

"பேசாமல் இந்திய நேரத்தையே எண்ணிக்கொண்டு போகக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். நேரம் என்பது அரசுகள் வகுக்கும் விதி, அது மாறக்கூடியது. நம் சென்னைக்கே தனி நேரம் இருந்தது. 1792 இல் தொடங்கிய மதராஸ் வான்காணகத்தை வைத்துக் கணக்கிட்ட அந்த நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது. இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் இன்றைய 5.30 கணக்கு வந்தது. பக்கத்து நாடான இலங்கையில் 1996 இல் கடிகாரத்தை இரண்டு முறை மாற்றினார்கள்; 2006 ஏப்ரலில் மீண்டும் 5.30க்கே திரும்பினார்கள். ஆகவே அடிப்படை எண்ணிக்கையை எதற்கும் அசையாத ஒரே அளவில் வைத்து, வெளியே காட்டும்போது மட்டும் அந்தந்த நாட்டு விதிப்படி மாற்றுவதே சரியான முறை. கிடங்கில் சரக்கைக் கிலோவில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்ப மூட்டையாகவும் பொட்டலமாகவும் விற்பதுபோல.

பத்தா? பதினாறா?

இன்னொரு தவறு இன்னும் நுட்பமானது. நேரத்தை வைத்திருக்கும் பல சில்லுகள், 10 என்ற எண்ணை ஒன்று, பூஜ்யம் என்று இரண்டு தனித்தனி இலக்கங்களாக எழுதிவைக்கும். ஆனால் கம்ப்யூட்டர் இயல்பாக வாசிக்கும் முறை பதினாறின் மடங்கில் போகிறது. பழைய அணாக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. சிட்டையில் "1-0" என்று இருக்கிறது. எண்ணாகப் படித்தால் பத்து. ஒரு ரூபாய் பூஜ்யம் அணா என்று படித்தால் பதினாறு அணா. எழுதியது ஒருவர், படித்தது வேறொருவர் என்றால் கணக்கு என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவில் அதுதான் ஆனது. 2010 புத்தாண்டு பிறந்தவுடன், கடைகளில் இருந்த அட்டை தேய்க்கும் மெஷின்களில் ஒரு பகுதி 2016க்குத் தாவிவிட்டன. வாடிக்கையாளர்கள் நீட்டிய நல்ல அட்டைகளையெல்லாம் "காலாவதி" என்று தள்ளின. இந்தப் பத்து-பதினாறு குழப்பமே காரணம் என்று சொல்லப்பட்டது. அதே புத்தாண்டில் ஜெர்மனியிலும் சுமார் 3 கோடி வங்கி அட்டைகள் 2010 என்ற ஆண்டைச் சரியாகக் கையாள முடியாமல் தடுமாறின. அதற்கு முன்பு 2000 வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழக்கத்தைத் திருத்த உலகமே செலவழித்ததை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லீப் வருடமும் விட்டுவைக்கவில்லை. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில், ஆள் இல்லாமல் அட்டை மூலம் பணம் பெறும் பெட்ரோல் பம்புகள் பல மணி நேரம் முடங்கின. அப்படி ஒரு தேதி உண்டென்பதைப் பணம் பெறும் புரோகிராம் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. அடுத்த சோதனை 2028 பிப்ரவரி 29.

2038: இப்போதே கேட்க வேண்டிய கேள்வி

நொடிகளை எழுதிவைக்கும் இடம் பழைய அமைப்புகளில் 32 இலக்கம் கொண்டது. அதில் ஓர் இலக்கம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதியில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பக்கம் நிரம்பிய பேரேடுபோல அதற்கு மேல் எழுத இடம் இல்லை. அந்த எண் நிறையும் நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு! அடுத்த நொடியில், திருத்தப்படாத மெஷின் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

பயப்பட வேண்டியதில்லை. புதிய அமைப்புகள் 64 இலக்கத்தில் எண்ணுகின்றன. அது நிறைய 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். லினக்ஸ் அமைப்பில் பழைய 32 இலக்கச் சில்லுகளுக்கும் 2020 இல் வழி செய்துவிட்டார்கள். ஆனால் கடையில் வாங்கிவைத்த மெஷினுக்குள் எந்தப் புரோகிராம் இருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. நம்மில் பலர் ஒரு மெஷினைப் பத்து, பதினைந்து ஆண்டு ஓட்டுகிறவர்கள். ஆகவே புதிதாக வாங்கும்போது, "2038க்குப் பிறகும் தேதி சரியாக வருமா?" என்று கேட்டு, விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

காலையில் தராசோடு சேர்த்து பில் மெஷினின் தேதியையும் நேரத்தையும் கைபேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல குவார்ட்ஸ் கடிகாரம்கூட மாதத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்கு விலகக்கூடும்.

பட்டன் பேட்டரி தீரும்வரை காத்திருக்க வேண்டாம். தேதி ஒரு முறை பின்னுக்குப் போனாலே மாற்றிவிடுங்கள். விலை சொற்பம்.

புது மெஷின் வந்தால், இரவு 7 மணிக்கு ஒன்று, நள்ளிரவுக்குப் பின் ஒன்று என்று இரண்டு மாதிரி பில் போட்டுத் தேதியைப் பாருங்கள். ஐந்தரை மணித் தவறு இருந்தால் அங்கேயே அகப்படும்.

தவறான தேதியே பழுதைக் காட்டிக்கொடுக்கும். 1970 ஜனவரி 1 என்றால் கடிகாரம் அழிந்துவிட்டது. ஜனவரி 21 போன்ற தேதி வந்தால், எண்ணிக்கையில் அளவு குழம்பிவிட்டது: ஒரு பக்கம் முழு நொடியாக எழுதியதை, மறுபக்கம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வாசிக்கிறது. கிலோவைக் கிராம் என்று படித்த கதைதான். பழுதுபார்ப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் வேலை பாதியாகும்.

கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி முன்தேதியிட்டு பில் போட யாராவது கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். தவறான தேதியில் பில் போய்விட்டால் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டாம்; ஆடிட்டரிடம் காட்டி முறைப்படி சரிசெய்யுங்கள்.

நம் உறுப்பினருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவரைக் காப்பாற்றியது அவருடைய பழைய பழக்கம். மெஷின் வந்த பிறகும், கடன் சரக்கை அன்றன்று தேதி போட்டுச் சிட்டையில் தம் கையால் எழுதிவந்தார். பில்லின் தொடர் எண்ணையும் சிட்டைத் தேதியையும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். பதினோரு நாளும் பிசகாமல் பொருந்தின. ஆடிட்டர் முறைப்படி சரிசெய்துகொடுக்க, ஓட்டல்காரரும் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மெஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நம்மைவிட வேகமாக எண்ணும். ஆனால் எண்ணியது சரியா என்று பார்க்கிற பொறுப்பு கல்லாவில் உட்கார்ந்திருப்பவருடையது. நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு பில்லைக் கிழித்துத் தேதியைப் பாருங்கள்.